அத்தைக்கு மூக்கடைப்பு

என் மாமாவுக்கு வாசனை தெரியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. மற்றவர்களின் மாமாக்களிடம் இல்லாத ஒரு வித்தை இவரிடம் இருக்கிறது என்றுதான் நினைத்தோம். லீவு நாட்களில் யாராவது அழுகிய முட்டையையோ கருவாடு கழுவிய தண்ணீரையோ கொண்டுவந்து நீட்டுவார்கள். மாமா அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "நல்லா கமகமன்னு இருக்குது" என்பார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலா பக்கமும் சிதறி ஓடுவோம். அவர் மட்டும் முகம் சுளிக்காமல் நின்றுகொண்டிருப்பார்.

அவர் என் அம்மாவின் தம்பி. மங்கலம்பேட்டை பாய் ஒருவர் மூலமாக விசா எடுத்து அரபு நாட்டுக்குப் போனவர். அங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்குக் குளிர்ச்சி கொடுக்கிற தண்ணீர்க் குழாய்கள் பூமிக்குக் கீழே ஓடுமாம். தண்ணீரில் இருக்கிற உப்பு அந்தக் குழாய்களுக்குள் படிந்து படிந்து கல்லாக இறுகிப்போகும். ஆசிட்டை உள்ளே ஓடவிட்டு அந்தக் கல்லைக் கரைத்து எடுப்பதுதான் மாமாவுக்குக் கொடுத்த வேலை. காற்றுப் போக வழியில்லாத இடத்தில் வருஷக்கணக்காக அந்தப் புகையைக் குடித்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் இருந்த குழம்பின் வாசனை வரவில்லை. சளி என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு எந்த வாசனையுமே வரவில்லை.

"மூக்க அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன் பாப்பா" என்று என்னிடம் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் விமான நிலையத்தில் தங்கத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமாவிடம் தங்கம் இல்லாததால் மூக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்து விற்ற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. மாமாவின் வீடு அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி. தெரு முழுவதற்கும் போர் தண்ணீர்தான். வாயில் ஊற்றினால் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டித் தொங்கும். எவர்சில்வர் குடம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும். அப்பா செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தார். கழிப்பறைக் கோப்பைகளையும் வாஷ் பேசின்களையும் பளபளப்புக் குழம்பில் முக்கிச் சூளைக்கு அனுப்புகிற பிரிவு. யார் வீட்டுக்குப் போனாலும் அப்பா முதலில் பாத்ரூமை எட்டிப் பார்ப்பார். "கண்ணாடி மாரி அனுப்பி வைக்கிறோம். இந்தத் தண்ணி ஒரு வருசத்துல அத செவுறு மாரி ஆக்கிடுது" என்று, பெற்ற பிள்ளையைப் பிறர் கெடுத்துவிட்டதுபோல வருத்தப்படுவார்.

மாமா ஊருக்கு வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டில் வெந்நீர் போடுகிற ஹீட்டர் கம்பியைக் கையில் எடுத்தார். அது கம்பி என்றே சொல்ல முடியாது. மேலே உப்பு ஏறி ஏறி மரவள்ளிக்கிழங்கு போலப் பருத்துப்போயிருந்தது. அம்மா அதைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தாள். மாமா கடையிலிருந்து ஒரு கேன் ஆசிட் வாங்கிவந்தார். முகத்துக்கு ஈரத்துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு முழங்கை வரை உறை. எங்களையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தார். பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் தண்ணீரைப் பிடித்து, அதற்குள் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "தண்ணிக்குள்ளதான் ஆசிட்டு. ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தனா மூஞ்சிக்குத் தெறிக்கும்" என்று பாடம் நடத்தினார். கம்பியை உள்ளே இறக்கியதும் சோடா பாட்டிலை உடைத்ததுபோல ஒரு சீறல். நுரை பொங்கியது. அது அடங்கிய பிறகு கம்பியை எடுத்துக் கழுவிக் காட்டினார். கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வில்லை. வாஷ் பேசின், தரை, கக்கூஸ் கோப்பை, தண்ணீர்த் தொட்டி என்று எங்கள் தெருவில் ஆரம்பித்துக் கடைவீதி வரை கூப்பிட்டார்கள். கறை எடுக்க வந்திருக்கிறேன் என்று அவர் சொல்லமாட்டார். "கல்லு கரைக்க வந்திருக்கேங்க" என்றுதான் சொல்வார். அரபு நாட்டில் கரைத்ததும் இதே கல்தான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அத்தை இந்த வேலைக்குள் வந்தது ஒரு பயத்தினால். ஒரு வீட்டில் மாமா ஆசிட் பக்கெட்டோடு பாத்ரூமுக்குள் போனபோது, அந்த வீட்டுக்கார அம்மா பின்னாலேயே ஓடிவந்து, காலையில்தான் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். மாமா அப்படியே பக்கெட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். ப்ளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் பட்டால் கிளம்புகிற புகை நெஞ்சை அறுத்துவிடும். அரபு நாட்டில் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். வேறு யாராக இருந்தாலும் உள்ளே காலை வைத்ததும் வாடையிலேயே தெரிந்திருக்கும். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் மாமா நின்றுகொண்டே இருந்தார். அழுகிய முட்டைக்கு அசராதவர் எதற்கு இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து அத்தை கூடப் போனாள். அவளுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் மூக்கு அபாரமான மூக்கு. வாசலில் நின்றபடியே எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்வாள். மாமா போகிற வீட்டில் அவள் முதலில் உள்ளே போய்க் கண்ணை மூடி நிற்பாள். "பினாயிலுங்க" என்பாள், "சோப்புத் தூளுங்க" என்பாள். ப்ளீச்சிங் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு, காற்றாட விட்டு, இன்னொரு நாள்தான் வருவார்கள். அப்புறம் அவளும் கையுறை போட்டுக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.

இது அவளுடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவர் நிலபுலத்தோடு இருக்கிறவர், ஊரில் பத்துப் பேர் வணக்கம் சொல்கிற ஆள். ஒருநாள் ஒரு பை நிறைய மல்லாட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், தங்கச்சி வீடு பூட்டியிருந்ததால் எங்கள் வீட்டுக்கு வந்து காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையும் மாமாவும் சைக்கிளில் வந்தார்கள். அத்தையின் மடியில் பக்கெட், பக்கெட்டுக்குள் பிரஷ்.

அவர் எழுந்து நின்றார். "எங்க வூட்டுப் பொண்ணக் கக்கூசு கழுவ வச்சிட்டீங்களா மாப்ள?"

மாமா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினாள். "கழுவல அண்ணே. கல்லு கரைக்கிறோம்."

"எல்லாம் ஒண்ணுதான். நீ கெளம்பு. துணிமணிய எடு."

"நான் எதுக்கு வரணும்?"

"மூக்கு செத்தவனுக்குக் கட்டி வச்சது போதாதா? அவன் பண்ற வேலையில நீயும் சாவணுமா?"

அந்த வார்த்தையைக் கேட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை பக்கெட்டைக் கீழே வைத்தாள். "அவருக்கு மூக்கு இல்லன்னுதான் நான் போறேன். நான் போவலன்னா என்னா ஆவும்னு நெனச்சிப் பாரு" என்றாள். சத்தம் போடவில்லை. அண்ணன் மாமாவைப் பார்த்து, இவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் நான் மனுஷனாக இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மல்லாட்டைப் பையைத் தூக்காமலே போனார். அம்மா அந்தக் கடலையை வேகவைத்தாள். நாங்கள் எல்லோரும் தின்றோம், மாமாவைத் தவிர.

அந்த வருஷம்தான் சிக்குன்குனியா வந்தது. தெருவில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் வாத்தியாரால் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. கொசுவை ஒழிக்க வேண்டும் என்று நகராட்சி ஆட்கள் சாக்கடை ஓரமெல்லாம் கோலம் போட்டதுபோல ப்ளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டு போனார்கள். அது போதாதென்று ஆளாளுக்கு வாங்கித் தங்கள் வாசலிலும் கொட்டினார்கள். ஊர் முழுக்க அந்த வாடை. அத்தைக்குத்தான் தொல்லை. "சோறு தின்னாலும் அந்த வாடைதான் அடிக்குது. தலகாணியிலகூட அடிக்குது" என்று அம்மாவிடம் சொல்வாள். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் வாசலிலேயே ப்ளீச்சிங் என்று அவள் சொல்ல, இருவரும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போட்டிருக்கிறதா, தெருவிலிருந்து வருகிறதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அப்படித் திரும்பி வந்த ஒருநாள் மாமா வாய்விட்டே சொன்னார், இப்ப ரெண்டு பேருக்குமே மூக்கு இல்லாம போச்சு என்று. அத்தை அதற்குச் சிரித்ததாக ஞாபகம்.

அப்போதுதான் ஊரின் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. பாத்ரூம் வரிசை முழுவதும் உப்புப் படிந்து கிடக்கிறது, எப்படியாவது பளிச்சென்று ஆக்கித் தர வேண்டும் என்றார்கள். எனக்குச் சனிக்கிழமை லீவு. மண்டபத்தைச் சும்மா இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

பாத்ரூம்கள் பந்தி மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான நடைவழியில் இருந்தன. சின்னச் சின்ன அறைகள், உயரத்தில் சின்ன ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே சாக்கடை ஓடியது. மேனேஜர் விளக்கைப் போட்டுக் காட்டினார். கோப்பையும் வெள்ளை, சுவரில் பதித்த டைல்ஸும் வெள்ளை, அதன்மேல் படிந்திருந்த உப்பும் வெள்ளை.

அத்தை உள்ளே போய்க் கண்ணை மூடி நின்றாள். நான் கை கழுவும் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ப்ளீச்சிங் வாடை வருதுங்க" என்றாள்.

மாமா மேனேஜரிடம் கேட்டார். "உள்ள பவுடர் கிவுடர் போட்டீங்களாண்ணே?"

"உள்ள எதுக்குப் போடறோம்? வெளிய சாக்கடைக்குத்தான் போட்டாங்க. உள்ள வெறுந்தண்ணி வுட்டுக் கழுவியாச்சு" என்றார் மேனேஜர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாக்கடைக்குப் போட்டது போக மீந்த பவுடரை, வீணாக்குவானேன் என்று காவல்காரர் கடைசி அறைகளில் தாராளமாகத் தூவியிருந்தார். அது பின்னால்தான் தெரிந்தது.

மாமா ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தார். வெள்ளைமேல் இருந்த வெள்ளையில் எது உப்பு, எது பவுடர் என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை மறுபடியும் மூக்கை இழுத்தாள்.

"இன்னிக்குத் தண்ணி வுட்டுட்டு நாளைக்கு வந்துடலாங்க."

"நாளைக்குப் பொண்ணழைப்பு. காலையிலயே ஆளுங்க வந்துடுவாங்க, எங்க உள்ள வுடுவாங்க?"

"கிட்டத்துல அடிக்கிற மாரி இருக்குது."

"தலகாணியிலயே அடிக்குதுன்னு நீதான சொல்ற? இந்த வாரம் பூரா இப்டியே திரும்பிப் போயிட்டோம். வெளியேருந்துதான் வருது. வா."

அத்தை கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, இங்க கண்ணு எரியும். நீ போயி மேடையில மாப்ள சேருல ஒக்காந்து வெளாடு" என்றாள். அதற்காகவே காத்திருந்தவள் நான். ஓடிவிட்டேன்.

மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். பின்னாலிருந்து பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஆசிட் ஊற்றினால் வருகிற சீறல் கேட்டது. அத்தை இருமினாள். ஆசிட் வேலை என்றால் இருமல் வரும், கண் எரியும். அது அவர்களுக்கு வழக்கம்தான். மாமாவும் வழக்கமான எரிச்சல் என்றே நினைத்திருக்க வேண்டும். முதல் அறைகளை முடித்துவிட்டு, பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் வெளியே போவதை மேடையிலிருந்து பார்த்தேன். அத்தை தனியாகக் கடைசி அறைகளைத் தொடங்கியிருக்கிறாள்.

பிறகு அத்தையின் இருமல் மாறியது. நடுவில் மூச்சே எடுக்காத இருமல். ஏதோ விழுந்து உருள்கிற சத்தம். நான் மாமாவைக் கூப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. பக்கெட்டைப் போட்டுவிட்டு அவர் ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே போனவர் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி வெளியே வந்தார். துண்டைத் தொட்டியில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு மறுபடியும் போனார். அத்தையைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, இலை போடுகிற இடத்தில் தரையில் கிடத்தினார். அவளுக்குக் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் கொட்டியது. உதடு நீலமாக இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.

மாமா அவள் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"பாப்பா, என்னா வாடை அடிக்குது? சொல்லு பாப்பா, என்னா வாடை?"

அவர் அப்படி என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று, நன்றாக மூக்கை இழுத்துப் பார்த்தேன். தொண்டை காந்தியது.

"சாக்கடை ஓரம் போடுவாங்களே, அது மாமா" என்றேன்.

அத்தையைத் திரும்பவும் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார்.

பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்து கடலூருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அப்பா ஷிப்டில் இருந்தார். என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆம்புலன்சுக்குப் பின்னால் போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசினாள். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இன்றைக்கு ஒருநாள் பார்க்க வேண்டும், இந்தப் புகை போகப் போகத்தான் வேலையைக் காட்டும் என்று நர்ஸம்மா சொன்னதை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தையின் அண்ணன் வந்தார். வயலிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், காலில் சேறு காய்ந்திருந்தது. மாமா கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. தங்கச்சியின் தலையைத் தடவினார். அழுதார். அழுகை முடிந்ததும் கேட்டார்.

"அவனுக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு. ஒனக்கு என்னா வந்துச்சு? ஒனக்கு வாடை தெரியலயா? நீ சொல்லியும் அவன் கேக்கலயா? ஒரு வார்த்த சொல்லு, இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

அத்தை முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் நகர்த்தினாள். மாமாவின் பக்கம் அவள் கண் போகவில்லை.

"எனக்கு மூக்கடைப்பு அண்ணே" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்காக நிறுத்தினாள். "சளி புடிச்சிருந்துச்சு. காலையிலேருந்து ஒண்ணும் தெரியல. அவரு கேட்டாரு. திரும்பத் திரும்பக் கேட்டாரு. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"நெசமா?"

"நெசமாத்தான்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்குச் சளியே இல்லை. காலையில் என் தலையை முகர்ந்து பார்த்து, குளிச்சிட்டேன்னு பொய் சொல்றியா என்று கேட்டவள் அவள். "இல்ல அத்த, நீங்கதான்" என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அத்தனை அழுத்தமாக அம்மா என்னைப் பிடித்ததேயில்லை. பல் உதட்டில் குத்தியது. அப்படியே தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். "வாயத் தொறக்காத. யாரு கேட்டாலும் மூக்கடைப்புதான்" என்றாள். பிறகு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார். பிளாஸ்க் இன்னும் கையிலேயே இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எப்படியாவது தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதோரம் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, அத்தைக்கு மறந்துபோச்சு. வாடை வருதுன்னு அவங்க சொன்னதே அவங்களுக்கு நெனப்பில்ல. நீங்க பயப்படாதீங்க."

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடியும் மூடினார்.

"மறக்கல பாப்பா" என்றார்.

"அப்ப எதுக்குப் பொய் சொன்னாங்க?"

காலையிலிருந்தே அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதனால் அவர் அழுகிறாரா, புகை பட்ட எரிச்சலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாதி பன்னைப் பிய்த்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தின்னவில்லை.

இருட்டிய பிறகு அத்தைக்கு மூச்சு ஏற ஆரம்பித்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டதாக டாக்டர் அம்மாவிடம் சொன்னார். நான் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்பியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போலீஸ்காரர்கள் வந்து கேட்டபோது அத்தையின் அண்ணன்தான் முன்னால் போய்ப் பேசினார். யார்மேலும் சந்தேகம் இல்லை, தங்கச்சியே என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவளுக்குச் சளி, வாடை தெரியவில்லை என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிக்கொண்டு வந்தது. அறுத்துக் கட்டிக் கொடுத்த உடம்பை மத்தியானத்துக்கு மேல் விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்தோம்.

மாமா வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் சிலர் மாமாவை அடிப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா பயந்துபோய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் அதற்குத் தயாராக இருப்பதுபோலத்தான், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஓரமாக இருந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு அவரை நோக்கிப் போனார். அத்தையின் அண்ணன் குறுக்கே போய் அந்த ஆளைத் தள்ளிவிட்டார். "அவர ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார். பிறகு வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மாமாவின் தோளில் கையைப் போட்டார். "வுடுங்க மாப்ள. அவளுக்கே தெரியல. ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றார். "அன்னிக்கு ஒங்க வூட்டாண்ட வந்து அப்டிப் பேசிட்டேன். அதெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க."

அந்தக் கை பட்டதும் மாமாவின் உடம்பு சுருங்கியது. தோளை மெல்லக் கீழே இறக்கி, கையிலிருந்து நழுவி, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். அண்ணனும் நகர்ந்து வந்து மறுபடியும் கையைப் போட்டார், இன்னும் அழுத்தமாக. மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். வலி தாங்காத ஆளைப்போல அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

அத்தையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினாரே, அதில் தோள் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இது அத்தையின் அண்ணனுக்குத் தெரியாமல் அதே தோளில் போய்க் கையை வைக்கிறாரே என்று கோபம்கூட வந்தது. அப்பாவின் சட்டையை இழுத்தேன். மாமாவுக்குத் தோள் வலிக்கிறது, வீட்டில் தைலம் இருக்கிறதா, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.